மிஷன் வீதிச் சந்தில் ஒரு மெக்சிகோ கடை: டோர்த்தியாவுக்கு ஐந்து, டிவிக்குப் பூஜ்யம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பாராட்டும் இருக்கிறது, குறையும் இருக்கிறது. ஆறு மேஜை போட்டுக் கடனில் நடத்தும் ஒருவருடைய பிழைப்பில் என் வாய் விழ வேண்டாம். பாண்டியில் மிஷன் வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பும் ஒரு சந்து. கீழே சைக்கிள் பஞ்சர் கடை, மாடியில் இது. வாசலில் பச்சை, வெள்ளை, சிவப்பில் காகிதத் தோரணம் தொங்கும். தேடிப் போகிறவர்களுக்கு இந்த அடையாளம் போதும்.

நான் கடலூர், மஞ்சக்குப்பம். ஒரு தமிழ் நாளிதழின் டெஸ்க்கில் 27 வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள். அதில் பாதிக்கு மேல் உலகச் செய்திப் பக்கம். செய்தி ஏஜென்சியிலிருந்து வரும் ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கி, தலைப்பு வைத்து, படம் பொருத்தி, ராத்திரி பதினொன்றரைக்குள் பக்கத்தை முடித்து அனுப்ப வேண்டும். அக்கா பையன் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். போன மாதம் வீட்டுக்கு வந்தவன், "ஏன் சித்தி, மெக்சிகோ மெக்சிகோன்னு எத்தனை வருஷம் செய்தி போட்டிருக்க, ஒரு வாய் அந்த ஊர்ச் சாப்பாடு சாப்பிட்டிருக்கியா?" என்றான். இல்லைதான். சாப்பாட்டை விடுங்கள், அந்த நாட்டிலும் மனுஷர்கள் காலையில் எழுந்து பல் தேய்த்து வேலைக்குப் போகிறார்கள் என்பதே எங்கள் பக்கத்தைப் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. எல்லைச் சுவர், போதைக் கும்பல், லாரிக்குள் மூச்சுத் திணறிச் செத்தவர்கள். எங்கள் மெக்சிகோ இவ்வளவுதான்.

சரி, ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று முடிவு செய்தோம். அது தப்பு. சண்டே மார்க்கெட் நாளில் காந்தி வீதியைத் தாண்டுவதற்குள் பசியே அடங்கிவிடும். நான் கடலூரிலிருந்து பஸ்ஸில் போனேன். ஆல்பேட்டை, முள்ளோடை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஊருக்கு ஊர் நின்று போகும். எனக்குத் தெரிந்த ஒரே எல்லை இந்த ஆல்பேட்டை செக்போஸ்ட்தான். திரும்பி வரும்போது பையில் பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒருமுறை என் மாத்திரைப் பையைக்கூடத் திறந்து பார்த்தார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை என்றால் நடுவில் ஒருத்தன் பையோடு நடந்துகொண்டுதானே இருப்பான்.

மாடி ஏறியதும் முதலில் கண்ணில் படுவது சுவர் ஓவியம். கள்ளிச்செடியில் சாய்ந்து, பெரிய தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு ஒருவன் தூங்குகிறான். பக்கத்தில் கழுதை. இன்னொரு சுவரில் பூப்போட்ட மண்டையோடு. மூலையில் 43 இன்ச் டிவி, அதில் போதைக் கும்பல் தொடர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் அதிகம். இரண்டு எபிசோட் ஓடும் நேரம் உட்கார்ந்திருந்தோம். அதற்குள் ஒன்பது பேரைச் சுட்டார்கள், எண்ணினேன். குழந்தைகளோடு வந்திருந்த ஒரு குடும்பம் டிவிக்கு முதுகு காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டது.

சாப்பாட்டுக்கு வருகிறேன்.

டோர்த்தியா என்பது மக்காச்சோள மாவில் தட்டும் மெல்லிய ரொட்டி. இதற்கு முன் ஒரு மாலில் சாப்பிட்டிருக்கிறேன், அது மைதா, அட்டை மாதிரி இருந்தது. இங்கே வந்தது வேறு ஜாதி. துணியில் சுற்றி ஒரு சின்ன ஓலைப்பெட்டியில் கொண்டுவந்து வைத்தார்கள். துணியைப் பிரித்ததும் ஒரு வாசனை அடித்தது. எங்கேயோ தெரிந்த வாசனை, ஆனால் என்னவென்று பிடிபடவில்லை. இரண்டாவது வாயில் பிடிபட்டது. பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடித்த சுவரில் தண்ணீர் பட்டால் வருமே, அது. சுண்ணாம்பு!

கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "இத்தனை நாள்ல இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கதாம்மா" என்று உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடுகிறார். காலையில் கையால் பிசைந்து கழுவினால் தோல் வழவழவென்று கழன்றுவிடும். அதை நம் வீட்டுச் சாய்க்கும் கிரைண்டரிலேயே அரைக்கிறார். தண்ணீர் ஒரு கை கூடினால் தோசை மாவாகிவிடும், குறைந்தால் கல் திணறும் என்றார். மாவு உருட்டி, இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்து இரும்பு அச்சில் ஓர் அழுத்து. கல்லில் போட்டு இரண்டு முறை திருப்பி, மூன்றாம் முறை விரல் நுனியால் நடுவில் லேசாகத் தொட்டார். குப்பென்று உப்பியது. உப்பாததைத் தனியே எடுத்து வைத்துவிட்டார், அவை வேலை செய்யும் பையன்களுக்காம். சுண்ணாம்பு வெறும் வாசனைக்கு இல்லை. அது சேர்ந்தால்தான் மக்காச்சோளத்தில் இருக்கும் நியாசின் என்ற சத்து உடம்பில் ஒட்டும். ஐரோப்பாவுக்குச் சோளம் போனது, இந்தப் பக்குவம் போகவில்லை. சோளத்தையே தின்று வாழ்ந்த ஏழைகளுக்கு அங்கே பெலாக்ரா என்ற சத்துக்குறை நோய் வந்தது.

சோளம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "எங்க ஊர்தாம்மா, வேப்பூர்ப் பக்கம்." அங்கே விளைவது மஞ்சள் மக்காச்சோளம், முக்கால்வாசி நாமக்கல் கோழிக்குத் தீவனமாகப் போவது. மெக்சிகோவிலும் டோர்த்தியாவுக்கு வெள்ளைச் சோளம்தான், மஞ்சள் ஆடு மாடு கோழிக்கு. வெள்ளை கிடைக்காததால் இவர் மஞ்சளை வைத்துச் சமாளிக்கிறார். கொஞ்சம் கரகரப்பு இருக்கிறது. எனக்கு அது பிடித்தது.

இந்த இடத்தில் என் டெஸ்க் புத்தி குறுக்கே வந்தது. 1994 ஜனவரி 1 அன்று அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் நடுவில் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. அரசு மானியத்தில் விளைந்த அமெரிக்கச் சோளம் மலிவாக உள்ளே இறங்கியது. வானம் பார்த்த பூமியில் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருந்தவன் விலைக்கு ஈடு கொடுக்க முடியாமல் நிலத்தை விட்டான். அதே நாளில் சியாபஸ் மாநிலத்துப் பழங்குடி விவசாயிகள் ஆயுதம் ஏந்தினார்கள். நிலத்தை விட்டவனில் எத்தனையோ பேர் வடக்கே நடந்தான். சுவர் ஏறிக் குதிக்கிற அந்த ஒருவனின் படத்தை நான் எத்தனை தரம் பக்கத்தில் வைத்திருப்பேன்! அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு சோளக்கொல்லை இருந்தது என்று ஒரு வரி எழுதியதில்லை.

கடைக்காரரின் கதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொகுசுக் கப்பலில் ஒன்பது வருஷம் சமையல் வேலை. கொரோனாவில் கப்பல்கள் நின்றபோது ஊர் வந்தவர், திரும்பிப் போகவில்லை. கப்பல் சமையலறையில் இவருக்குப் பக்கத்து அடுப்பு ஒரு மெக்சிகோக்காரர், சக்கதேக்காஸ் மாநிலம். சோளப் பக்குவம் அவரிடம் கற்றதுதான். "அவன் ஊர்ல பாதிப் பேர் அமெரிக்காவுலதாம்மா. பாத்திரம் கழுவறது, புல் வெட்டறது, காகிதம் இல்லாம போனவங்கதான் நிறைய. ஆனா ஊர் ரோடு, குடிதண்ணி, சர்ச் எல்லாம் அவங்க காசு" என்றார்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். உண்மைதான். லாஸ் ஏஞ்சலஸிலும் சிகாகோவிலும் ஊர் ஊராகச் சங்கம் வைத்திருக்கிறார்கள். சங்கம் ஒரு டாலர் போட்டால் நகராட்சி ஒன்று, மாநில அரசு ஒன்று, மத்திய அரசு ஒன்று போடும். ஒன்றுக்கு மூன்று என்று திட்டத்துக்கே பெயர். சக்கதேக்காஸில் தொடங்கி 2002ல் நாடு முழுக்கப் போனது. நம் ஊர் நமக்கு நாமே திட்டத்தின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்லவில்லை. தண்ணீர்க் குழாய்க்கு முன்னால் கோயில் கோபுரத்துக்குப் பணம் போனது அங்கேயும் உண்டு. டியூப் லைட்டில் வெளிச்சம் தெரியாத அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதுகிற நமக்கு இது புரியாதா! அதிபர் லோபஸ் ஓப்ரதோர் ஆட்சியில் மத்திய அரசு அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது. வீட்டுக்கு அனுப்பும் பணம் மட்டும் நிற்கவில்லை. 2023ல் மெக்சிகோவுக்கு வெளிநாட்டிலிருந்து போன பணம் சுமார் 6,300 கோடி டாலர். உலகத்தில் இந்தியாவுக்கு அடுத்த இடம்.

அமெரிக்க டிவியில் ஒரு கேள்வி அடிக்கடி வரும், எங்கள் தலையங்கங்களிலும் அதன் எதிரொலி கேட்கும்: இவர்கள் திருட்டுத்தனமாக எல்லை தாண்டுவதற்குப் பதில் சொந்த நாட்டிலேயே இருந்து அதைச் சரி செய்யலாமே? இதில் ஏதோ இரண்டு வகை மெக்சிகோக்காரர்கள் இருப்பது போல ஒரு பேச்சு. கப்பல் நண்பரின் ஊரில் தாண்டியவனும் சரி செய்தவனும் ஒரே வீட்டு அண்ணன் தம்பி. பல நேரம் ஒரே ஆள்.

டாக்கோ, அதாவது உள்ளே கறியோ காளானோ வைத்து மடித்த டோர்த்தியா, மூன்று 240 ரூபாய். கோழி சுமார், அதில் ஏலக்காய் தட்டுகிறது, அது எதற்கு என்று தெரியவில்லை. காளான் நன்றாக இருந்தது. மீன்தான் அருமை. வேராக்ரூஸ் துறைமுகப் பாணி, தக்காளி, ஆலிவ் காய், பச்சை மிளகாய் போட்டது. அங்கே செய்வதற்குப் பொருத்தமாக இங்கே சங்கரா மீன். தேங்காய்த்திட்டில் காலையில் எடுத்ததாம். முள் இருக்கும், குழந்தைகளுக்குப் பார்த்துக் கொடுங்கள். 380 ரூபாய்க்கு ஒரு முழு மீன், இரண்டு பேருக்குப் போதும். தக்காளியும் மிளகாயும் அந்த மண்ணிலிருந்து நமக்கு வந்தவை என்பதால் சுவையில் அந்நியம் எதுவும் இல்லை. எங்கள் வீட்டு மீன் குழம்பு புளியை மறந்துவிட்டு வந்தால் இப்படித்தான் இருக்கும்.

குவாக்கமோலே 220 ரூபாய். பட்டர் ஃப்ரூட்டை வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சையோடு மசித்தது. பழம் கொடைக்கானல் பக்கத்தது. ருசி சரி, அளவு கஞ்சம். ஒரு குழம்புக் கரண்டி இருந்தால் அதிகம்.

இந்தப் பழத்தைப் பற்றியும் ஒரு விஷயம். மெக்சிகோவில் இது அதிகம் விளைவது மிச்சோவக்கான் மாநிலத்தில். எங்கள் பக்கத்தில் அந்த மாநிலம் தலை வெட்டுக்கும் கும்பல் சண்டைக்கும் மட்டும் வரும். அங்கே செரான் என்று ஓர் ஊர், புரேபெச்சா பழங்குடி மக்கள், சுமார் இருபதாயிரம் பேர். கும்பலின் துணையோடு மரம் கடத்துகிறவர்கள் லாரி லாரியாக ஊர்க் காட்டை மொட்டையடித்தார்கள். கேட்கப் போனவர்கள் காணாமல் போனார்கள். 2011 ஏப்ரல் 15 விடியற்காலையில் அந்த ஊர்ப் பெண்கள் போய் லாரியை மறித்தார்கள். கோயில் மணியை அடித்து ஊரைக் கூட்டினார்கள். கடத்தல்காரர்களை மட்டுமல்ல, மேயரையும் போலீஸையும் கட்சிக்காரர்களையும் ஊரைவிட்டே அனுப்பிவிட்டார்கள். தெருமுனைதோறும் நெருப்பு மூட்டி, அதிலேயே சமைத்து, ராத்திரி முழுக்கக் காவல் இருந்தார்கள். பிறகு தேர்தல் தீர்ப்பாயமும் அவர்கள் வழக்கப்படி ஆள அனுமதித்தது. இன்றைக்கும் அங்கே கட்சி கிடையாது, ஊர்ப் பெரியவர்கள் சபைதான். நாற்றங்கால் வைத்துப் பைன் மரத்தைத் திரும்ப நட்டு வருகிறார்கள்.

அந்த வாரம் நான் பணியில்தான் இருந்தேன். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் வாக்குப்பதிவு முடிந்து இரண்டாம் நாள். உலகப் பக்கம் பாதிப் பக்கமாகச் சுருங்கியிருந்தது, அதையும் லிபியாவும் புகுஷிமாவும் பங்கு போட்டுக்கொண்டன. செரான் எங்கள் பத்திரிகையில் ஒரு வரிகூட வரவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 2010 ஆகஸ்டில், எல்லைக்குப் பக்கத்தில் சான் பெர்னாந்தோவில் ஒரு பண்ணையில் 72 பேரின் உடல்கள் கிடந்ததை நாலு பத்தி அகலத்தில் போட்டேன். போட வேண்டியதுதான். ஆனால் நான் வைத்த தலைப்பில் 'மெக்சிகோ அகதிகள்' என்று இருந்தது. செத்தவர்கள் பெரும்பாலும் மத்திய, தென் அமெரிக்க நாடுகளிலிருந்து அந்த வழியே போனவர்கள். மெக்சிகோ அவர்களுக்கு வழி, அவ்வளவே. ஒரு வாசகர்கூடத் தப்பு என்று போன் செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஒருமுறை மெக்சிகோவில் ஊர்க்காடுகளை மக்களே பராமரிப்பது பற்றி ஒரு நல்ல கட்டுரை ஏஜென்சியில் வந்தது. அந்த நாட்டுக் காட்டில் பாதிக்கு மேல் கிராம சமூகங்களின் உடைமை. பெட்டிச் செய்தியாகப் போடலாம் என்று எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் சீஃப் சப், அதாவது தலைமைத் துணை ஆசிரியர், படத்தைப் பார்த்தார். மரங்கள், நாலு பேர் நிற்கிறார்கள். "இதுல ஒண்ணும் நடக்கலையேம்மா" என்றார். தப்பாகச் சொல்லவில்லை. அந்தப் படத்தில் ஒன்றும் நடக்கவில்லைதான்.

இதை டாக்கோவைக் கடித்துக்கொண்டே பையனிடம் சொன்னேன். அவன் டிவியைக் காட்டி, "கலரைப் பாரு சித்தி" என்றான். பார்த்தேன். காட்சி அமெரிக்காவில் நடந்தால் நீலமாக, சுத்தமாக இருக்கிறது. எல்லை தாண்டியதும் எல்லாமே மஞ்சள், காமாலைக் கண்ணுக்குத் தெரிவது மாதிரி. மெக்சிகோ என்றால் அந்த மஞ்சள் பில்டரைப் போட்டுவிடுவார்களாம். அந்தக் கலரில் யார் நின்றாலும் ஓடிப்போகத்தான் தோன்றும். 2015ல் வந்த ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்துக்காக மெக்சிகோ சிட்டியில் செத்துப்போன சொந்தங்களை நினைத்துக் கொண்டாடும் இறந்தோர் தினத்துக்குப் பேரணி ஒன்றைக் கற்பனையாக எடுத்தார்கள், அதுவரை அங்கே அப்படி ஒரு பேரணி கிடையாது. படம் பார்த்துவிட்டுச் சுற்றுலாக்காரர்கள் எதிர்பார்ப்பார்களே என்று 2016லிருந்து நிஜமாகவே நடத்துகிறார்கள். இதைக் கேட்டுப் பையன் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜையே திரும்பியது.

நமக்கும் இது புதிது இல்லை. சினிமாவில் பாண்டி என்றாலே பாட்டில். இந்த ஊரில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இல்லையா, விடியற்காலை மார்க்கெட்டில் பூக்கட்டுகிற பெண் இல்லையா என்று கேட்காத பாண்டிக்காரரை நான் பார்த்ததில்லை. எங்கள் கடலூர் டிவியில் வந்தால் புயல். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது சென்னையிலிருந்து வந்த கேமராக்கள் சில்வர் பீச்சில் வரிசையாக நின்றன. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததை எல்லோரும் எடுத்தார்கள். விழுந்த பலாவை வெட்டி எடுத்துவிட்டு, தலையில் குடம் வைத்து நடந்து புதுக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிய என் பெரியம்மாவை எடுக்க யாரும் வரவில்லை. நானும் பத்திரிகையில்தான் இருந்தேன், நானும் எழுதவில்லை.

அதற்காக எல்லை தாண்டுவதை நான் கொண்டாடுகிறவளும் இல்லை. சட்டவிரோதம் சட்டவிரோதம்தான். தரகனுக்குப் பணம் கட்டி, அரிசோனாப் பாலைவனத்தில் தண்ணீர் இல்லாமல் செத்தவர்கள் கணக்கு பெரிது. ஆனால் கதை எங்கே ஆரம்பித்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1942லிருந்து 1964 வரை அமெரிக்காவே ஒப்பந்தம் போட்டு மெக்சிகோ விவசாயக் கூலிகளை அழைத்தது, சுமார் 46 லட்சம் ஒப்பந்தங்கள். வாசலை மூடியபிறகும் வேலை அதே தோட்டத்தில் இருந்தது, ஆளும் அதே ஆள், பெயர் மட்டும் மாறியது. அப்புறம் காற்றும் திசை மாறியது. 2009க்கும் 2014க்கும் நடுவில் அமெரிக்காவைவிட்டு மெக்சிகோவுக்குத் திரும்பியவர்கள், குடும்பத்தோடு சேர்த்து, சுமார் 10 லட்சம் பேர். மெக்சிகோவிலிருந்து அமெரிக்கா போனவர்கள் 8.7 லட்சம்தான் என்று பியூ ஆய்வு மையம் கணக்குச் சொன்னது. அந்தச் செய்தி வந்த சமயத்திலும் சுவர்ப் பேச்சுதான் எங்கள் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 2025 ஆகஸ்டில் ஒரு கணக்கு வந்தது. 2018க்கும் 2024க்கும் நடுவில் மெக்சிகோவில் 1.34 கோடிப் பேர் வறுமையிலிருந்து மேலே வந்திருக்கிறார்கள், குறைந்தபட்சக் கூலியை ஏற்றியது ஒரு பெரிய காரணம். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், இருந்தாலும் பழக்க தோஷத்தில் தலைப்பு வைத்துப் பார்த்தேன். இதற்கு என்ன படம் போடுவது என்று அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

2025 பிப்ரவரியில் அமெரிக்க ராணுவ விமானம் 104 இந்தியர்களைக் கை கால் விலங்கோடு அமிர்தசரஸில் இறக்கியதைப் பார்த்து நாடே கொதித்தது. 2019 அக்டோபரில் மெக்சிகோவே 311 இந்தியர்களைப் பிடித்து டெல்லிக்குத் திருப்பி அனுப்பியது பலருக்கு மறந்திருக்கும். அவர்களும் அந்தச் சுவரைத் தாண்டப் போனவர்கள்தான். இவ்வளவு தூரம் ஏன்? 1908ல் பிரிட்டிஷ் போலீஸுக்குத் தப்பி பாரதி வந்து சேர்ந்தது இந்தப் பாண்டிக்குத்தான். பத்து வருஷம் கழித்து எல்லை தாண்டிக் கடலூர்ப் பக்கம் கால் வைத்ததும் பிடித்து எங்கள் ஊர்ச் சிறையில் போட்டார்கள். பையனுக்கு இது தெரியாது. ஆல்பேட்டை வழியாகவா என்று கேட்டான்.

மிச்சக் குறைகளையும் முடித்துவிடுகிறேன். சேவை மெதுவு. பில் கேட்டு இருபது நிமிஷம். கை கழுவும் இடத்தில் குழாய் சொட்டுகிறது. சீஸைக் கொஞ்சம் குறைக்கலாம், கேட்டால், இங்கே வருகிற பிள்ளைகள் அதற்காகவே வருகிறார்கள் என்கிறார். அரிசியும் பட்டையும் ஊறவைத்து அரைத்த பானம் 90 ரூபாய், குளிர்ந்த நீராகாரத்தில் சர்க்கரை போட்ட மாதிரி. எனக்கு ஒரு டம்ளருக்கு மேல் இறங்கவில்லை, பையன் இரண்டு குடித்தான். இருவருக்கும் சேர்த்து 1,110 ரூபாய் ஆனது. கார்டு மெஷின் வேலை செய்யவில்லை, போனில் அனுப்பினோம்.

இரண்டாவது முறை ஒரு செவ்வாய்க்கிழமை தனியாகப் போனேன். கூட்டம் இல்லை. கடைக்காரர் எதிரே வந்து உட்கார்ந்தார். டிவியை நிறுத்தச் சொன்னேன். "ஆளுங்க மெக்சிகோ ஃபீல் கேக்கறாங்கம்மா" என்று சிரித்துக்கொண்டே நிறுத்தினார். தூங்குகிறவன் படம் யார் யோசனை என்றேன். பெயிண்டர் போனில் தேடி வரைந்ததாம். அப்புறம் தன் போனை எடுத்து, கப்பல் நண்பர் அனுப்பிய அவருடைய ஊர்ப் படத்தைக் காட்டினார். கல் பாவிய ஒரு தெரு. நீல வண்ணத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி பிளாஸ்டிக் வாளியோடு நிற்கிறாள், கேமராவைப் பார்க்கவில்லை, வாளி நிறைகிறதா என்று பார்க்கிறாள். அந்தத் தெருவுக்கு லாஸ் ஏஞ்சலஸிலிருந்து காசு போட்டவர்களில் நண்பரின் மாமா இரண்டு பேர்.

"இதைப் பெரிசா பிரிண்ட் போட்டு அந்தத் தொப்பிக்காரன் மேல ஒட்டிடுங்க தம்பி" என்றேன்.

போனைத் தன் பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுல ஒண்ணும் இல்லையேம்மா, வெறும் ரோடுதானே."

டோர்த்தியாவுக்கு ஐந்துக்கு ஐந்து. மீனுக்கு நாலரை. மற்றதெல்லாம் சேர்த்து மூன்று. மாவு செவ்வாயும் வெள்ளியும் புதிதாக அரைக்கிறார்கள், அன்றைக்குப் போங்கள், பன்னிரண்டரைக்குள். டிவி ரிமோட் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், எலுமிச்சைத் தட்டுக்குப் பின்னால் இருக்கும். கேட்டால் கொடுத்துவிடுவார். சத்தம் குறைக்கிற பட்டன் மட்டும் கொஞ்சம் இறுக்கம், நகத்தால் அழுத்த வேண்டும்.